சன்னலைச் சாத்த வேண்டாம்

பாம்பன் தீவில் வீடுள்ள நோயாளர்கள் அறுவைச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும்போது, உறவினர் பலரும் எங்களிடம் கேட்பது: "கடற்காற்று படலாமா?" மூச்சுத்திணறல் உள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்க; மற்றையோர் சன்னலைத் திறந்தே வைக்கலாம் என்பது எங்கள் கருத்து.

பித்தப்பை அறுவைக்கு உள்ளான 46 பேரை அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் ஒப்பிட்டு, 1984-இல் முடிவை வெளியிட்டார். சன்னல்வழி மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அது சிறிய ஆய்வு. கடலைப் பற்றியதும் அன்று. ஆயினும் மூடிய அறையே நலம் என்னும் எண்ணத்தை அது ஐயுற வைக்கிறது.

தீவில் கடற்காட்சி ஒருபோதும் ஒன்றுபோல் இராது. தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்கே 'ஆண் கடல்' சீறும். வடகிழக்குப் பருவத்தில் வடக்கே 'பெண் கடல்' கொந்தளிக்கும். ஆலாக்கள் நீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வந்திறங்கும். படுத்திருப்பவருக்குப் பொழுதை உணர்த்த இவை போதும். பகல் வெளிச்சம் இரவு உறக்கத்தையும் சீராக்கும்.

கடல் மருந்துக்கு மாற்றாகாது. மாத்திரைகளை நேரம் தவறாது கொடுங்கள். காயத்தில் மணல் படாது காத்திடுங்கள். காலையும் மாலையும் நிழலில் நாற்காலியிட்டு நீங்களும் உடன் அமருங்கள். இன்று என்ன பறவை வந்தது என்று கேளுங்கள். முதியவரின் பேச்சு திடீரெனத் தடுமாறினால், தாமதியாது மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.