தட்டம்மையைத் தடுக்க பால்வாடியிலேயே பார்க்க வேண்டும்

மும்பை கோவண்டியில் 2022-ம் ஆண்டு இறுதியில் தட்டம்மை பரவி, குழந்தைகள் பலர் மாண்டனர். கொரோனா காலத்தில் தடுப்பூசி விட்டுப்போனது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

தட்டம்மை காற்றில் பரவும் நோய். நோயாளி போன பின்னும் 2 மணி நேரம் வரை அறையில் கிருமி இருக்கும். உடலில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே மற்றவர்களைத் தொற்றிக்கொள்ளும். ஆகவே, அம்மை கண்ட பிள்ளையை வீட்டில் நிறுத்துவதால் மட்டும் பள்ளியைக் காக்க முடியாது. 100-க்கு 95 பிள்ளைகளாவது 2 ஊசியும் போட்டிருக்க வேண்டும்.

முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும் போடப்படுகிறது. அடுத்தது 16 முதல் 24 மாதத்துக்குள். பிழைப்புக்கு வந்த குடும்பங்களில் இந்த இரண்டாவது ஊசி எளிதில் தவறிவிடும். பிரசவம் தாய் வீட்டில். முதல் ஊசியும் அங்கேயே. தாயும் பிள்ளையும் ரயிலேறும்போது அட்டை ஊரில் தங்கிவிடுகிறது.

அரசுத் திட்டத்தில் விடுபட்ட ஊசியை 5 வயது வரை இலவசமாகப் போடுகிறார்கள். முதல் வகுப்பில் சேர்க்கும்போது அட்டையைக் கேட்டால் அந்த வயது தாண்டியிருக்கும். பால்வாடியில் சேர்க்கும் நாளிலேயே கேட்க வேண்டும். பெற்றோரும் ஊரிலிருந்து அட்டையை வரவழைத்து, மாநகராட்சி சுகாதார நிலையத்தில் காட்டுவது நல்லது.