வெயில் வந்தால் விரியும்

கோலார் தங்கவயலில் மண்ணுக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த ஊர் அது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அரைத்துக் கொட்டிய சயனைடு மேடுகள் மட்டும் நிற்கின்றன. அங்கே ஒருவர் வாசலில் ரோஜா வைக்க ஆசைப்பட்டால், முதலில் எருவுக்கும் தண்ணீருக்கும் வழி தேட வேண்டும்.

இரண்டையும் அதிகம் கேட்காத பூ ஒன்று உண்டு. பெயர் டைமார்போதிகா. தென்னாப்பிரிக்க டெய்சி வகை. ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று பல நிறங்கள். செடி ஒரு முழம்கூட வளராது.

இதன் தாய்வீடும் சுரங்க பூமிதான். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கில் உள்ள நமக்வாலாந்தில் 1850களிலேயே செம்பு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் அந்தச் சீமை, குளிர்கால மழை நன்றாகப் பெய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆரஞ்சுக் கம்பளம் விரிக்கும். அதிலும் உழுது கைவிட்ட தரிசில்தான் பூ மிகுதி.

நம் பக்கத்தில் இது குளிர்காலப் பூ. ஐப்பசியில் கனமழை ஓய்ந்ததும் விதைத்தால் தை மாதத்தில் பூ பார்க்கலாம். நாள் முழுவதும் வெயில் படும் இடமாக இருக்கட்டும். செம்மண்ணில் பாதியளவு மணல் கலந்தால் போதும். விதையைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, பூவாளியால் நனையுங்கள். 10 முதல் 15 நாளில் முளைக்கும். நாற்று நெருக்கமாக இருந்தால் ஒரு சாண் இடைவெளி விட்டு மற்றவற்றைக் களைந்துவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். இரக்கப்பட்டு எருவை அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், பூ குறையும். தண்ணீர் தேங்கினால் தண்டின் அடி அழுகிவிடும்.

விதையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே பூவில் இரண்டு வகை விதை: ஒன்று காகிதச் சிறகு கொண்ட தட்டை, மற்றது முண்டும் முடிச்சுமான குச்சி. குச்சியைச் சருகென்று நினைத்து ஊதிவிடுகிறவர்கள் உண்டு. தட்டை விதை சட்டென்று முளைக்கும். குச்சி விதை உறங்கிக் கிடந்து, பின்னால் வரும் மழைக்குக் காத்திருக்கும். முதல் மழை பொய்த்து முளைத்ததெல்லாம் கருகினாலும் வம்சம் அழியாமலிருக்க, வறண்ட நாட்டுச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. இரட்டை வடிவம் என்ற பொருள் பெயரிலேயே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஏழை மண்ணைத் தாங்கும் செடி என்பதற்காகச் சயனைடு மேட்டு மண்ணைத் தொட்டிக்கு அள்ளி வரக் கூடாது. வறட்சி வேறு, ரசாயனக் கழிவு வேறு.

ஜாடியில் வைக்க இந்தப் பூ லாயக்கில்லை. மேகம் மூடினாலும் மாலையானாலும் இதழை மடக்கிக்கொள்ளும். வாசலிலேயே விட்டுவிடுங்கள். கடைசிப் பூக்களைக் கிள்ளாமல் முற்றவிட்டு, இரண்டு வகை விதையையும் சேர்த்து உலர்த்திக் காகித உறையில் போட்டுவையுங்கள். அடுத்த ஐப்பசிக்குக் காசு கொடுத்து விதை வாங்க வேண்டியிருக்காது.