வாசற்படி ஏறாத வண்டி

பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் வீட்டில் வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியலில் குழந்தை வண்டியும் சேர்ந்துவிட்டது. காஞ்சிபுரத்திலும் வெள்ளி அரைஞாண், பால் சங்கு, தொட்டில் என்று தாய்வீட்டிலிருந்து வரும் சீரோடு இப்போது ஸ்ட்ரோலரும் வரத் தொடங்கியிருக்கிறது. கடையில் டைல்ஸ் தரையில் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டுகிறார்கள், வெண்ணெயாக நழுவுகிறது, பிடித்துப்போகிறது. அது ஓடப்போகும் தரை வேறு என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடென்றால் தெருவிலிருந்து படி, திண்ணை, நிலைவாசல், பிறகு கூடம். கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டிருக்கும். வாசலில் இறங்கினால் வடிகால் மூடி, வேகத்தடை, நிறுத்திவைத்த பைக்குகள். இந்த ஊரில் பிறந்த கையோடு பெரிய வண்டி வாங்குவது பெரும்பாலும் வீண் என்பதே என் கருத்து. முதல் ஆறு மாதத்துக்குத் துணியும் கையும் போதும். அதற்குப் பிறகு, படியில் ஒரே ஆள் தூக்கி ஏற்றக்கூடிய எடை குறைந்த வண்டி ஒன்று தேவைப்படும், நன்றாகவே பயன்படும்.

ஆறு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தலை நிற்காத குழந்தையைச் சாய்வான இருக்கையில் வைத்தால் முகவாய் நெஞ்சில் சரிந்து மூச்சுப்பாதை மடங்கும். அதனால்தான் ஐரோப்பாவின் குழந்தை வண்டித் தரநிலையான இஎன் 1888, சாய்மானம் 150 டிகிரிக்குக் குறைவாக உள்ள இருக்கை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏற்றதல்ல என்கிறது. அந்த வயதுக்குத் தட்டையாகப் படுக்கவைக்கும் வண்டி வேண்டும். அதைத்தான் ப்ராம் என்கிறோம். நம் ஊரில் அந்த மாதங்களில் குழந்தை வீட்டைவிட்டு எதற்காக வெளியே போகிறது? ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் தடுப்பூசிக்கு. அதைவிட்டால் ஒரு கோயில், ஒரு உறவுக்காரர் வீடு. இவற்றுக்கு ஆட்டோவில்தான் போவோம். 12, 13 கிலோ எடையுள்ள ப்ராமை ஆட்டோவில் ஏற்றி, சுகாதார நிலைய வாசலில் இறக்கி, வரிசையில் அதைக் காத்துக்கொண்டு நிற்பது யாருக்கும் உதவியில்லை.

அந்த வயதுக் குழந்தைக்குத் தேவையானது உடம்பின் கதகதப்பு. இதைப் பாட்டிமார் சொன்னால் பழம்பேச்சு என்று தள்ளிவிடுகிறவர்களுக்காக ஒரு சான்று. கனடாவின் மான்ட்ரியலில் ஹன்ஸிக்கர், பார் என்ற இரு மருத்துவர்கள் நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார்களில் ஒரு பகுதியினரைக் குழந்தையை நாள்தோறும் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது வாரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவற்றைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. நம் வீடுகளில் இதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது: பகலில் உத்தரத்தில் கட்டிய சேலைத் தூளி, வெளியே போனால் தோளும் மார்பும். மார்போடு கட்டிக்கொள்ளும் துணி வேண்டுமென்றால் பழைய நூல் சேலையே நல்லது. பட்டு நம் ஊரின் பெருமைதான். ஆனால் முடிச்சு வழுக்கும், வேர்க்கும். கட்டும்போது குழந்தையின் முகம் துணிக்குள் புதையாமல் கண்ணுக்குத் தெரியவேண்டும், முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே விரல் நுழைய இடம் வேண்டும். கால்கள் தவளைபோல் விரிந்து, தொடை தாங்கப்பட்டிருந்தால் இடுப்பு மூட்டுக்கும் நல்லது.

அப்படியானால் வண்டியே எதற்கு, மடியும் இடுப்பும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மதிக்கவேண்டிய கேள்விதான், ஆனால் யாருடைய இடுப்பு என்று சேர்த்துக் கேட்கவேண்டும். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். நூற்றுக்கு நாற்பத்தைந்து தாய்மார் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறார்கள். கூடத்தில் நாலு பேர் மாறி மாறித் தூக்கிய காலத்தில் இடுப்பில் வைத்துக்கொள்வது எளிதாக இருந்தது. இப்போது அந்த வேலை தாய் ஒருத்திக்கும், மூட்டுவலியோடு இருக்கும் அவளுடைய தாய்க்கும் மட்டும் வந்து சேர்கிறது. ஒரு வயதுப் பிள்ளை ஒன்பது, பத்து கிலோ இருக்கும். தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு நாள் முழுக்கக் குனிந்து நெய்கிறவர்களுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுகிறவர்களுக்கும் முதுகு ஏற்கெனவே பழுது. சாயங்காலம் அந்தப் பிள்ளையை அரை மணிநேரம் தெருவில் உலாத்திக் காட்ட, தூக்கிச் சுமக்காத ஒரு வழி இருந்தால் தாத்தா கூடக் கூட்டிப்போவார். அன்பு குறைந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. வலி குறைந்த கை பிள்ளையை இன்னும் ஆசையோடு வாங்கிக்கொள்ளும்.

இந்தக் காரணத்துக்காகத்தான் எடையை முதலில் வைக்கிறேன். சிசேரியன் ஆனவள் குழந்தையைவிடக் கனமானதைச் சில வாரங்களுக்குத் தூக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. அவளுடைய பாரத்தைக் குறைக்க வாங்கிய வண்டியே அவள் தூக்க முடியாத பாரமாக இருந்தால், அது மாடிப்படிக்கு அடியில் துணி போட்டு மூடிக் கிடக்கும். இந்தச் சிக்கலை ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு முன்பே ஒருவர் தீர்த்துவைத்தார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கியில் வேலை செய்த ஆங்கிலேயப் பொறியாளர் ஓவன் மெக்லாரன், தம் மகள் பேத்தியோடு விமானத்தில் வந்தபோது பெரிய ப்ராமைக் கட்டி இழுத்துப் பட்ட அவதியைப் பார்த்து, 1965இல் அலுமினியக் குழாய்களால் குடைபோல் மடங்கும் வண்டியை வடிவமைத்தார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று கடைகளில் குடை மடிப்பு வண்டி என்று கிடைப்பவை ஐந்திலிருந்து ஏழு கிலோ வரை வருகின்றன. ஒரு கையில் பிள்ளை, மறுகையில் வண்டி என்று மூன்று படி ஏற முடிந்தால் அது நம் வீட்டுக்கு ஏற்றது.

எடை குறைந்தால் சக்கரமும் சிறுத்துவிடும் என்பதுதான் இதில் உள்ள இக்கட்டு, அதை மறைக்கக் கூடாது. சக்கரம் தடையில் ஏறுவது எளிய இயற்பியல். வடிகால் மூடியின் விளிம்பு நான்கு சென்டிமீட்டர் துருத்திக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தை முன்பக்கம் தூக்காமல் அதன்மேல் தள்ளி ஏற்ற, அந்தச் சக்கரம் தாங்கும் சுமையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விசை வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமென்றால் அந்தச் சுமைக்குச் சற்றுக் குறைவான விசையே போதும். காந்தி சாலையில் வண்டி சட்டென்று நின்று பிள்ளை பெல்ட்டோடு முன்னால் சாய்வதற்கு இதுதான் காரணம். பெரிய சக்கர வண்டிகள் பத்து கிலோவைத் தாண்டுகின்றன. தரைத்தளத்தில், படியில்லாத வாசலுள்ள வீடென்றால் பெரிய சக்கரத்துக்கே போகலாம். படியுள்ள வீட்டுக்கு, ஏழு எட்டு கிலோவுக்குள் கிடைப்பதில் பெரிய சக்கரமாகப் பார்த்து வாங்கி, தடை வரும்போது கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். தேர் ஓடுவதற்காக அகலமாக விட்ட ராஜவீதிகளும், பட்டுப் பாவை நீட்டித் தோய்வதற்குப் பயன்பட்ட நெசவாளர் தெருக்களும் விடிகாலையில் வண்டி தள்ள நல்ல இடங்கள். காஞ்சியில் ஸ்ட்ரோலருக்கு இடமே இல்லை என்பவர்கள் பகல் பதினோரு மணிக் கடைத்தெருவை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

நேரத்தைக் குறிப்பிட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கும் வண்டிக் குழந்தை, கூட வரும் பெரியவரைவிட 60 சதவீதம் வரை கூடுதல் மாசை எதிர்கொள்ளக்கூடும் என்று சொல்கிறது. புகைக்குழாயின் உயரத்திலேயே பிள்ளையின் மூக்கு இருக்கிறது. அதனால் இருக்கை உயரமாக உள்ள வண்டியும் பேருந்து போகாத தெருவும் ஒன்றுக்கொன்று துணை. அடுத்தது வெயில். அக்கினி நட்சத்திரத்தில் துண்டை எடுத்து வண்டியை மூடிவிடுவது நல்லெண்ணத்தோடு செய்யும் ஆபத்து. சிட்னி பல்கலைக்கழகம் 2023இல் அளந்து பார்த்ததில், காய்ந்த மெல்லிய துணியால் மூடினாலே உள்ளே வெப்பம் இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறியது. ஈரத்துணியும் சிறு மின்விசிறியும் சேர்ந்தபோது கிட்டத்தட்ட ஐந்து டிகிரி குறைந்தது. புழுக்கம் மிகுந்த நம் காற்றில் ஈரம் அவ்வளவு வேகமாக உலராது, ஆகவே அதே பலனை எதிர்பார்க்க முடியாது. உச்சிவெயிலில் வெளியே எடுக்காமல் இருப்பதே இங்கே சரி.

குழந்தை எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் ஸீடிக் 2008இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பிரிட்டன் தெருக்களில் 2,722 பெற்றோர்-குழந்தை இணைகளைக் கவனித்துக் குறித்தார்கள். குழந்தை தள்ளுபவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், பெற்றோர் அதனோடு பேசுவது இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. பேச்சு கேட்டுத்தான் பிள்ளைக்குப் பேச்சு வருகிறது. ஆனால் இருபக்கமும் திருப்பக்கூடிய இருக்கை எடையையும் விலையையும் கூட்டும். எல்லாம் சேர்ந்து கிடைக்காவிட்டால் இந்த வசதியைத்தான் நான் முதலில் விட்டுக்கொடுப்பேன். முன்பக்கம் பார்க்கும் வண்டியை நிறுத்தி, எதிரே வந்து குந்தி, யானை வாகனத்தையும் கோபுரத்தையும் காட்டிப் பேசலாம். கனத்த வண்டியை எந்தப் பேச்சாலும் இலேசாக்க முடியாது.

கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோவது பற்றி ஒரு வார்த்தை. வைகாசி கருடசேவையன்று வரதர் புறப்படும் வீதியில் வண்டி கூடவே கூடாது. 2019இல் 48 நாள் அத்திவரதர் தரிசனத்துக்குத் திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெல்ட் போட்ட பிள்ளையை நெரிசலில் வெளியே எடுக்கச் சில நொடிகள் பிடிக்கும், அந்த நொடிகள் கிடைக்காமல் போகலாம். சாதாரண நாளிலும் வரதர் கோயிலில் அத்திகிரியின் 24 படிக்குத் தோள்தான். குளக்கரையில் நிறுத்தினால் பிரேக்கை மிதித்துப் பூட்டியும் கை எடுக்காதீர்கள். துணிக்கடைகளிலிருந்து வெளிவரும் குடும்பங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு: சரிகைப் பட்டுச்சேலை ஒன்று ஒரு கிலோவை நெருங்கலாம், கைப்பிடியில் நான்கு பையை மாட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினால் வண்டி மல்லாந்துவிடும், பிள்ளை உள்ளே இருக்கும்போதே இலேசான வண்டி கவிழ்வதும் உண்டு.

இருசக்கர வண்டிதானே எங்களுக்கு எல்லாம் என்பது மிக நேர்மையான மறுப்பு. உண்மைதான், ஏகாம்பரநாதர் கோயில் பக்கமிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு யாரும் போகப்போவதில்லை. ஆனால் 2022இல் அறிவித்து 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டை, ஒன்பது மாதத்திலிருந்து தலைக்கவசம், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்குள் என்று கேட்கிறது. பால் வாங்க, அங்கன்வாடிக்குப் போக, தெருமுனைக் கோயிலுக்குப் போக என்று பிள்ளையை முன்னால் நிறுத்தி ஓட்டும் குறுந்தூரப் பயணங்களில் பாதியைக் குழந்தை வண்டி ஏற்றுக்கொண்டாலே அது காசுக்கு வஞ்சனை செய்யவில்லை.

அந்தக் குறுந்தூரத்தை நடக்கக்கூடியதாக்குவது நம் கையில் மட்டும் இல்லை. 2021இல் மாநகராட்சியாகிவிட்ட ஊர் இது. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்கவேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவை 2012இலேயே வழிகாட்டிவிட்டது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுவிடங்களில் தடையற்ற அணுகலைக் கட்டாயமாக்குகிறது. சக்கர நாற்காலிக்காக ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் போடும் தளத்தில்தான் குழந்தை வண்டியும் ஏறும், மூட்டுவலிக்காரரும் ஏறுவார். காமாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலாவது இதை முதலில் செய்யும்படி வார்டு உறுப்பினரிடம் கேட்பது ஆடம்பரக் கோரிக்கை ஆகாது.

விலையை விட்டுவிட்டேன். நெசவுக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்கள் இரண்டு ஆண்டு பயன்படப்போகும் பொருளுக்குப் பல ஆயிரம் கொடுக்கத் தேவையில்லை. உறவில் ஒரு வீட்டில் சும்மா கிடப்பதை வாங்கிக்கொள்ளலாம், அதில் கூச்சம் எதற்கு? தோள், இடுப்பு, கவட்டை என்று ஐந்து முனையிலும் பெல்ட் இறுகுகிறதா, சரிவில் பிரேக் பிடிக்கிறதா, விரித்தபின் பூட்டு தானாக நழுவாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். மடிப்பு மூட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். பெயர்பெற்ற மெக்லாரன் நிறுவனமே அமெரிக்காவில் 2009இல் சுமார் பத்து லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது, கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டானதால். விரித்துப் பூட்டுகிறவரை பிள்ளை வேறொருவர் கையில், எட்டி நிற்கட்டும்.