புளி போட்டுத் துலக்கிய துட்டு

உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் பச்சை பிடித்த செப்புக் காசு ஏதாவது அகப்பட்டால், நேயர்களே, தயவு செய்து புளி இருக்கும் ஜாடிப் பக்கம் போகாதீர்கள்! எதற்காக இந்த வேண்டுகோள் என்பதைச் சொல்லுகிறேன்.

சென்ற மாதம் புதுச்சேரிக்குப் போகும் வழியில் மரக்காணத்தில் டீ குடிக்க இறங்கினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளப் பாத்திகள். வெயிலில் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்தால் கண் கூசுகிறது. நான் பழங்காசு பார்க்கிற ஆசாமி என்பதை என்னுடன் வந்த நண்பர் டீக்கடையில் உளறி வைத்தார். அவ்வளவுதான். உப்பு வாரும் வேலை முடிந்து வந்திருந்த ஓர் அம்மாள், "சார், செத்த இருங்க" என்று வீட்டுக்கு ஓடி, ஒரு பவுடர் டப்பாவுடன் திரும்பி வந்தார்.

டப்பாவில் மூன்று காசுகள். முதலாவது, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1818 என்ற வருஷம். அம்மாளின் மகன் இதைப் படம் எடுத்து, பழைய சாமான்கள் விற்கும் வலைத்தளம் ஒன்றில் போட்டிருக்கிறான். மறுநாளே தொலைபேசி. "ரிசர்வ் பாங்கிலிருந்து பேசுகிறோம். இருபது லட்சத்துக்கு எடுத்துக் கொள்கிறோம். பதிவுக் கட்டணம் மட்டும் 1,850 ரூபாய் அனுப்புங்கள்." பையன் அனுப்பிவிட்டான். இப்போது வரி என்று 9,000 கேட்கிறார்களாம். அம்மாள் அதற்காகத் தோட்டை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது காசே இல்லை" என்றேன். கம்பெனியார் ராமரைப் போட்டுச் செலாவணிக் காசு அடித்ததே கிடையாது. கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் விற்கிற, பிற்காலத்தில் செய்த வில்லை அது. ரிசர்வ் பாங்கும் பழங்காசு வாங்குவதில்லை, விற்பதில்லை. தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ வசூலிக்க எவரையும் அது நியமிக்கவும் இல்லை. 2021 ஆகஸ்டில் இதை அந்தப் பாங்கே அறிக்கை விட்டு எச்சரித்தது. பையனைக் கூப்பிட்டு, அப்போதே 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுக்கச் சொன்னேன். இணைய மோசடிக்கென்றே உள்ள எண் அது. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போய்விடும்.

இரண்டாவது காசு நிஜமானது. 1835-ல் கம்பெனி ஆட்சி முழுவதுக்கும் ஒரே மாதிரி நாணயம் வந்தபோது அடித்த கால் அணா. ஆனால் ஏராளமாக அடித்தது. ஆகவே லட்சமெல்லாம் இல்லை. அதிலும் மருமகள் ஆசையாகப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, குத்துவிளக்கு மாதிரி பளபளக்க வைத்திருந்தாள்!

காசுக்கு மார்க் போடுகிற ஸ்தாபனங்கள் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1949-ல் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளைத் தரம் பிரிக்க 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் ஏற்படுத்தினார். இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிந்தால் 1. புழக்கத்துக்கே போகாதது 60-க்கு மேல். பூதக்கண்ணாடியிலும் குறை காணாதது 70. அந்தக் கணக்கை வைத்து 1986-ல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த வருஷமே என்.ஜி.சி. என்று இரண்டு கம்பெனிகள் கிளம்பின. காசைச் சோதித்து, மார்க்கை எழுதி, கெட்டிப் பிளாஸ்டிக் பேழையில் வைத்து மூடிக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் காசைத் தொடாமலே நம்பி வாங்கலாம். ஈபே போன்ற வலைச் சந்தைகள் போலி நகல்களை விற்கக் கூடாது என்று விதித்திருக்கின்றன. (பேழையையே போலியாகச் செய்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், அதனால் பேழையின் எண்ணை அந்தக் கம்பெனியின் தளத்தில் சரி பார்ப்பது வழக்கம்.) துலக்கிய காசுக்கு இவர்கள் மார்க்கே போடமாட்டார்கள். 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மருமகளிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

மூன்றாவதைத்தான் டப்பாவின் அடியில், கிழிந்த துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். கறுத்து, சின்னதாக, யாரும் மதிக்காத காசு. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பிரெஞ்சு ராஜாக்களின் லில்லிப் பூ. மறு பக்கம் நம் தமிழ் எழுத்தில் 'புதுச்சேரி'! நாம் துட்டு என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'தூதூ' என்றார்கள். அந்தத் தூதூ இது. மாமியாரின் மாமியார் காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறதாம். பூமியில் தோண்டி எடுத்திருந்தால் சமாசாரம் வேறு. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறை கூட உண்டு.

"இதை அமெரிக்காவுக்கு அனுப்பி மார்க் வாங்கலாமா சார்?" என்றான் பையன். கூடாது. நூறு வயது கடந்த காசு 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். உத்தரவில்லாமல் தேசத்தை விட்டு அனுப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. உள்நாட்டிலும் தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்ய லைசென்ஸ் வேண்டும்.

அதைவிட எனக்குக் கவலை, காசின் ஓரத்தில் வெளிர் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. உப்பங்காற்று செய்கிற வேலை. உப்பில் உள்ள குளோரைடு செம்பில் ஏறிவிட்டால், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே உள்ளே அரித்துக்கொண்டே போகும். கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த கரும்பச்சை காசுக்குப் போர்வை; பொடியாக உதிர்கிற வெளிர் பச்சை அதற்கு வியாதி. துலக்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், மெத்தென்ற பிளாஸ்டிக் உறையிலும் வைக்க வேண்டாம். அதுவும் அமிலம் கக்கும். உலர்ந்த காகித உறையில் போட்டு, ஈரம் படாமல் வைத்து, எழும்பூர் மியூசியத்தில் நாணயப் பகுதியாரிடம் ஒரு முறை காட்டுங்கள் என்றேன்.

"இது எவ்வளவு பெறும்?" என்று அம்மாள் கேட்கவில்லை. "இதுல நம்ம எழுத்தா இருக்குது?" என்றுதான் கேட்டார். கண்ணாடியைக் கொடுத்து, ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினேன்.

அந்தச் சமயம் பையனின் தொலைபேசி அலறியது. 'ரிசர்வ் பாங்க்' தான்! பையன் நடுங்கினான். அம்மாள் அதைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "ஒம்பதாயிரமா? அந்த இருபது லட்சத்துல கழிச்சுக்கிட்டு மீதிய அனுப்புய்யா!" என்றார். மறு முனையில் பேச்சையே காணோம்.