கவசத்துக்கு வெளியே அமர்ந்தவர்

போர் விமானத்துக்குக் கவசம் அமைப்பதை எஃகின் கனத்தைப் பற்றிய கணக்காக மட்டுமே கருதுவோர் பலர். ஆனால் இரண்டாம் உலக மகாயுத்தத்தின் சரித்திரத்தை நிதானமாகப் படிப்பவர்களுக்கு, எவருடைய பிராணனைத் தகட்டுக்குள் வைப்பது, எவருடையதை வெளியே விடுவது என்ற தீர்மானமும் அந்தக் கணக்கினூடே எழுதப்பட்டுவிடுகிறது என்பது புலப்படாமற் போகாது.

தகட்டைச் சேர்த்தால் வேகமும் ஏறும் திறனும் குறையும். இடம் தவறிப் பொருத்தினால் எடைமையம் பெயர்ந்து விமானத்தின் சமநிலையே கெடும். இவை மெய்யான ஆட்சேபங்களே. எனினும், சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் இவற்றை இறுதி வார்த்தையாக ஏற்பதற்கில்லை. 1939-40இல் பிரான்ஸில் நிலைகொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன், ஹரிக்கேன் விமானிகளின் முதுகுக்குப் பின்னே எஃகுத் தகடு வேண்டுமென்று கோரியபோது, எடைமையம் பிசகிவிடும் என்று நிபுணர்கள் மறுத்தார்கள்; அந்த அணியினரோ, சேதமுற்ற பேட்டில் ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் தகட்டைத் தங்கள் ஹரிக்கேனில் பொருத்தி, அதனை இங்கிலாந்துக்கு அனுப்பி, நிபுணர்களின் கண்முன்னே வானில் கரணமடித்துக் காட்டச் செய்தார்கள். அதன் பின்னரே தகடு அங்கீகாரம் பெற்றது.

இத்துறையின் உன்னதமான சாதனையும் கொடிய குறையும் ஒரே யந்திரத்தில் கூடியிருப்பதைச் சோவியத் நாட்டின் இல்-2 தாக்குதல் விமானத்திலே காண்கிறோம். அதனை வடிவமைத்த செர்கேய் இல்யூஷின், கட்டி முடித்த விமானத்தின்மேல் கவசத்தைச் சுமையாக ஏற்றவில்லை. ஆமைக்கு ஓடு உடலின் அங்கமாகவே இருப்பதுபோல, எஞ்சின், குளிர்விப்பான், எரிபொருள் தொட்டி, விமானி ஆகிய யாவற்றையும் சூழ்ந்த எஃகுக் கூட்டையே விமானத்தின் முன்பாகத்தைத் தாங்கும் சட்டகமாக ஆக்கினார். பெரும்பாலும் 4 முதல் 12 மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகள், சுமார் 700 கிலோ எடை; அத்தனையும் தனிப் பாரமாக நில்லாமல் கட்டுமானத்தின் வேலையையும் செய்தன.

ஆனால் முதல் மாதிரியில் இருவருக்கு இடமிருந்த அவ்விமானம், உற்பத்திக்கு வந்தபோது, பின்னால் அமர்ந்து சுடும் வீரரின் இடத்தை எரிபொருளுக்குத் தந்துவிட்டு, ஓரிருக்கை விமானமாகவே வந்தது. 1941இல் ஜெர்மானியப் போர்விமானங்கள் பின்புறமிருந்து தாக்கிப் பேரழிவு விளைவித்த பிறகு, அந்த வீரரை மீண்டும் ஏற்றினார்கள்; எங்கே? கவசக் கூட்டுக்கு வெளியே, அதன் பின்புறத்தில், வால்பக்கம் ஒரு சிறு தகட்டின் காவலோடு, துணிப்பட்டையாலான இருக்கையிலே! கூட்டைப் பின்னோக்கி நீட்டினால் எடைமையம் கெடும், உற்பத்தி தாமதப்படும் என்பன அன்று எழுந்த காரணங்கள். விமானிகளைக் காட்டிலும் அந்த வீரர்கள் மிகுதியாக மாண்டார்கள். ஜெர்மானியப் படை சோவியத் நாட்டின் வாசலுக்குள் வந்துவிட்ட நெருக்கடியில் செய்த முடிவு அது என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் 1944இல் உற்பத்தியான இல்-10 விமானத்தில் இருவரையும் ஒரே கவசத்துக்குள் அதே இல்யூஷின் அமர்த்திக் காட்டியபோது, தொடக்கத்திலேயே எண்ணியிருந்தால் இயன்றிருக்கும் காரியம் அது என்று நினைத்து நெஞ்சு கனக்கிறது.

பின்னாளில் எஃகின் இடத்துக்குப் போரான் கார்பைடு போன்ற பீங்கான் தகடுகள் வந்தன. கடினமான பீங்கான் குண்டின் முனையைச் சிதைக்க, அதன் பின்னுள்ள இழைப்பலகை சிதறல்களைத் தாங்கிக்கொள்வதால், குறைந்த எடையில் மிகுந்த காவல் கிட்டியது. அப்போதும் வியட்நாமில் ஹெலிகாப்டர் ஓட்டியவருக்குக் கவச இருக்கை இருந்தது. வாசலில் நின்று சுட்டவருக்கு மார்புத் தகடே பிரதான ரட்சை. தரையிலிருந்து குண்டு வரும் என்றறிந்து, உபரித் தகட்டைத் தமக்கு அடியில் போட்டு அமர்ந்தவர்களும் உண்டு.

நம் தேசம் இன்று தானே ஹெலிகாப்டர்களை வடிவமைக்கிறது. 2022இல் விமானப்படையில் சேர்ந்த பிரசண்ட் ஹெலிகாப்டர், காற்று மெலிந்த இமயச் சிகரங்களுக்கென்றே உருவானது. அத்தகைய உயரங்களில் எடையைக் குறைக்கும் நிர்ப்பந்தம் கடுமையானது. எதைக் குறைக்கலாம் என்று தேடும்போது கவசமே முதலில் கண்ணில் படும். ஆகவே, ஒவ்வொரு புதிய வடிவமைப்பிலும், விமானி, துணைவிமானி, வாசலில் நிற்கும் வீரர், உள்தளத்தில் அமர்ந்து பிரயாணம் செய்யும் சிப்பாய் ஆகிய அனைவருக்கும் உரிய காவலின் எடையை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில்தான் ஆயுதத்துக்கும் எரிபொருளுக்கும் பங்கு பிரிக்க வேண்டும் என்றும், அந்த ஒதுக்கீட்டைக் குறைக்க நேர்ந்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, பறக்கப் போகிறவர்களின் சம்மதத்தையும் பெற வேண்டும் என்றும் பாதுகாப்பு அமைச்சகம் விதி வகுக்க வேண்டும்.