பொன் தாளுக்குள்ளே என்ன இருக்கிறது?



கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் சென்ற மாதம் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் நான்காம் ஆண்டில் படிக்கிறானாம். சம்பளம் போட்ட மறுநாள் பட்டணத்துப் பேரங்காடிக்கு அழைத்துப் போனால், கிறிஸ்மஸ் மரத்தடியில் அடுக்கி வைத்திருக்கும் சாக்லெட் பெட்டிகளின் முன்னால் நின்றுவிடுகிறானாம். கையைப் பிடித்து இழுத்தாலும் வருவதில்லையாம். "நாங்கள் வேதக்காரர்கள் அல்ல. ஆனாலும் பிள்ளைக்கு ஆசை. பெட்டியில் 30 வெள்ளிக்கு மேல் போட்டிருக்கிறது. அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது? வாங்கலாமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள் டீச்சர்" என்று கேட்டிருந்தார்.

கேள்வி நியாயமானது. தின்று பார்க்காமல் பதில் சொல்வது நியாயமாகாது. ஆகவே டிசம்பர் முதல் வாரத்தில் என் சொந்தக் காசைக் கொண்டுபோய்ச் சில பொருள்களை வாங்கி வந்தேன். மொத்தம் 118 வெள்ளி 40 காசு. வீட்டுக்காரர் ரசீதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். கம்பெனிப் பெயர் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. இது விளம்பரப் பக்கம் அன்று.

ருசி பார்க்க ஒரு குழுவும் சேர்ந்தது. என் இரண்டு பிள்ளைகள், என்னோடு பள்ளியில் பணிபுரியும் ஆசிரியை ஒருவர், எங்கள் லயத்தில் கடைசி வீட்டில் இருக்கும் அக்கா, என் அம்மா. எங்கள் தோட்டத்தில் இன்றைக்குக் கிறிஸ்மஸ் கொண்டாடுகிற மூன்று குடும்பங்களில் அந்த அக்கா குடும்பமும் ஒன்று. அம்மாவுக்கு வயது 71. பதினாறு ஆண்டுகளாக நீரிழிவு. "நான் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கிறேன்" என்று சொல்லித்தான் வந்து உட்கார்ந்தார்.

முதலில் அந்தப் பொன் தாள் உருண்டை. மேலே பருப்புத் தூள், அதற்குள் மெல்லிய பிஸ்கட் ஓடு, அதற்குள் குழைவான சாக்லெட், நடுவில் ஒரு முழுப் பருப்பு. சுவையைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று தின்றுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார்கள். ஆனால் கணக்குப் பார்த்தேன். உருண்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 2 வெள்ளி ஆகிறது. அதே சரக்கு மூன்று உருண்டை கொண்ட சிறிய பொட்டலமாகப் பணம் கட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. பெட்டியில் நாம் கொடுக்கும் காசில் ஒரு பகுதி பளபளக்கும் பிளாஸ்டிக்குக்குப் போகிறது.

அடுத்தது, வலைப் பையில் போட்டு விற்கும் பொற்காசுச் சாக்லெட். விலை 5 வெள்ளிதான். தாளை உரித்து வாயில் போட்டால் சீக்கிரம் கரையவில்லை. மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆசிரியை ஒருமுறை கடித்துவிட்டு, "இது பள்ளியில் வண்ணம் தீட்டும் மெழுகுக் குச்சி போல இருக்கிறதே" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இது நம் வேலைக்காட்டுச் சங்கதி.

நல்ல சாக்லெட்டில் கொக்கோ வெண்ணெய் இருக்கும். கொக்கோக் கொட்டையிலிருந்தே பிழிந்தெடுக்கும் கொழுப்பு அது. ஏறக்குறைய 34 பாகைச் சூட்டில் உருகிவிடும். நம் உடம்பின் சூடு 37 பாகை. ஆகவே நாவில் பட்டதும் கரைந்து ஓடுகிறது. ஆனால் கொக்கோ வெண்ணெய் விலை கூடிய பொருள். மலிவுச் சாக்லெட்டில் அதை எடுத்துவிட்டு வேறு தாவரக் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். அதற்கு அதிகமாகப் பயன்படுவது எது தெரியுமா? செம்பனைக் கொட்டை எண்ணெய். நம் ஆண்கள் விடிகாலையில் குலை வெட்டுகிறார்களே, நம் பெண்கள் இடுப்பொடிய உதிரி பொறுக்குகிறார்களே, அந்தப் பழத்தின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பைப் பிழிந்த எண்ணெய்தான். பக்குவம் செய்து இறுக வைத்தால் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக நிற்கும். தின்றால் கெடுதல் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அது சாக்லெட்டின் விலைக்குரிய பொருள் அன்று. பொட்டலத்தின் பின்பக்கத்தில் சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதலில் சீனி, இரண்டாவது தாவரக் கொழுப்பு, கடைசியில் கொக்கோத் தூள் என்று இருந்தால், நீங்கள் வாங்குவது சீனியும் நம் எண்ணெயும்தான். ஐரோப்பிய நாடுகளில்கூடக் கொக்கோ வெண்ணெயோடு வேறு சில தாவரக் கொழுப்புகளை 5 விழுக்காடு வரை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அனுமதித்த ஆறு கொழுப்புகளில் செம்பனை எண்ணெயும் ஒன்று.

விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளில் விளைகிறது. அங்கே பருவநிலை கெட்டு, மரங்களில் நோயும் விழுந்து, விளைச்சல் படுத்துவிட்டது. 2022இல் ஒரு டன் 2,500 அமெரிக்க டாலர் போல விற்ற கொக்கோ, 2024 டிசம்பரில் 12,000 டாலரையும் தாண்டியது. 2025இல் சந்தையில் விலை இறங்கத்தான் செய்தது. நான் போன கடையின் தட்டில் இறங்கக் காணோம். பொட்டலம் சிறுத்ததுதான் மிச்சம்.

மூன்றாவதாக, 70 விழுக்காடு கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லெட். பிள்ளைகள் இருவரும் முகத்தைச் சுளித்து, "கசக்கிறது அம்மா" என்று தண்ணீர் குடிக்க ஓடினார்கள். அக்கா பாதியைத் தின்று மீதியைத் தாளில் மடித்து வைத்துவிட்டார். அம்மா மட்டும் கையை நீட்டினார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தேன். உடனே வாயில் போடவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "உங்கப்பா சட்டை வாடை" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. நான் பிறந்தது பாகான் டத்தோ வட்டாரத்தில் ஒரு தென்னந்தோட்டம். அந்தக் காலத்தில் ஈலிர் பேராக் பகுதியில் தென்னை நிழலில் கொக்கோ நட்டிருந்தார்கள். அப்பாவுக்குக் கொக்கோக் காட்டில் வேலை. பழுத்த காய்களை அறுத்துக் குவித்து, உள்ளே இருக்கும் கொட்டையில் அடிபடாமல் கட்டையால் தட்டி உடைப்பார்கள். கொட்டையைச் சுற்றி வெள்ளையாகச் சதை இருக்கும், புளிப்பும் இனிப்புமாய். அதைச் சப்பிச் சப்பித் துப்புவதுதான் எங்களுக்குப் பள்ளி விட்டதும் பலகாரம். பிறகு கொட்டைகளை மரப்பெட்டியில் கொட்டி மூடி, ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, இடையிடையே கிளறி, அப்புறம் வெயிலில் காய வைப்பார்கள். பெட்டியைத் திறந்தால் காடி வாடை மூக்கைத் துளைக்கும். அந்த வாடை அப்பாவின் சட்டையில் ஏறி, எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. சாக்லெட்டின் மணத்துக்கு ஆரம்பமே அந்தப் புளிப்புப் பெட்டிதான் என்பது எனக்குப் பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

மலேசியா 1990இல் ஏறக்குறைய 2,47,000 டன் கொக்கோ விளைவித்தது. உலகின் பெரிய கொக்கோ நாடுகளில் ஒன்றாக இருந்தோம். பிறகு விலை வீழ்ச்சியும், காயைத் துளைக்கும் பூச்சியும், ஆள் பற்றாக்குறையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. தோட்டத்துக்குத் தோட்டம் கொக்கோவை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். கொக்கோ அரைக்கும் ஆலைகள் நம் நாட்டில் இன்றும் பெரிதாக இயங்குகின்றன. ஆனால் கொட்டையில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது.

அப்பா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டு கொக்கோ உடைத்தவர், இந்தக் கறுப்புச் சாக்லெட்டை ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. அம்மா அந்த நகத் துண்டை வாயில் போட்டு, கரைகிற வரையில் யாரோடும் பேசவில்லை.

சரி, பானங்களுக்கு வருவோம்.

கிறிஸ்மஸ் தேநீர் என்று அழகான தகரப் பெட்டியில் 20 பைகள் வாங்கினேன். 27 வெள்ளி. வெளிநாட்டுச் சரக்கு. பிரித்துப் பார்த்தால் கறுப்புத் தேயிலை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், லவங்கப்பட்டை, கிராம்பு. மணம் அருமை. ஆனால் தண்ணீர் மாதிரி இருந்தது. நம் தொண்டைக்கு அது தேத்தண்ணியாகப் படவில்லை. ஆசிரியைதான் யோசனை சொன்னார். நான்கு கிளாஸ் தண்ணீரில் விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு இரண்டு, நன்றாகக் கழுவிய ஆரஞ்சுத் தோலில் வெள்ளைப் பகுதியைச் சுரண்டிவிட்டு ஒரு கீற்று, எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டோம். அடுப்பை அணைத்த பிறகு கேமரன் மலைத் தேயிலைத் தூள் இரண்டு தேக்கரண்டி போட்டு மூடி, மூன்று நிமிடத்தில் வடித்தோம். பெட்டித் தேநீர் தோற்றது. கேமரன் மலையில் 1929 முதல் பெருந்தோட்டமாகத் தேயிலை நட்டவர்களிலும் பறித்தவர்களிலும் நம்மவர்கள் எத்தனை பேர்! ஆனால் அந்தத் தகரப் பெட்டியை நான் எறியவில்லை. ஊசி நூல் போட்டு வைக்க உதவும்.

பை ஒன்றில் ஒரு கோப்பை என்று விற்கும் பண்டிகைச் சாக்லெட் பானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேர்மானத்தில் முதலில் சீனி. அதற்குப் பதில் சீனி சேராத கொக்கோத் தூளைப் பாலில் கலக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இனிப்பு உங்கள் கையில் இருக்கும்.

கடைசியாக, ஒயின் போத்தல் வடிவத்தில் வரும் நுரைக்கும் திராட்சைச் சாறு. மதுச்சத்து இல்லை என்று எழுதியிருக்கிறது, உண்மையும் அதுதான். மூடியைத் திருகினேன். படீரென்று வெடித்துக் கூரைத் தகரத்தில் பட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அம்மா, "ஐயோ, வாத்திச்சி வீட்டிலேயே போத்தல் உடைக்கிறாளே!" என்று எழுந்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் என் சின்னவன் கிளாசைக் கையில் பிடித்துத் தள்ளாடி நடந்து காட்டினான். அப்போது அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் சம்சு குடித்துக் குடலைக் கெடுத்துக்கொண்டு போனவர். அக்கா எழுந்துபோய் மூடியைத் தேடி எடுத்து வந்து போத்தலை மூடினார். நான் வாங்கியிருக்கக் கூடாது. இனி வாங்கவும் மாட்டேன். சாறு கெட்டது என்பதற்காக இல்லை. போத்தலின் உருவம் நம் தோட்டங்களுக்கு வேண்டாம். அதுவும் போக, 100 மில்லி லிட்டரில் 14 கிராம் சீனி. ஒரு போத்தல் முழுவதும் குடித்தால் இருபது தேக்கரண்டிக்கும் மேல். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. மூன்று பெரிய இனங்களில் நம்மவர்களே முன்னால் நிற்கிறோம்.

மறுநாள் அக்கா தம் வீட்டில் இஞ்சிப் பானம் காய்ச்சினார். கால் கிலோ இஞ்சியைத் தோல் சீவி நசுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் பட்டை, கிராம்போடு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிக்க வேண்டும். 300 கிராம் சீனி சேர்த்து மறுபடி ஒரு கொதி. ஆறியதும் நான்கு எலுமிச்சம்பழச் சாறு. கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து கொடுக்கலாம். அம்மாவுக்கென்று சீனி போடுமுன்னே ஒரு கிளாஸ் எடுத்து வைத்திருந்தார். கிறிஸ்மஸ் அன்று அவர் வீட்டுக்கு யார் போனாலும் இதுதான்.

மேலும் சில சொற்கள். சாக்லெட்டின் மேல் வெண்மையாகப் படிந்திருந்தால் பூசணம் என்று எறிந்துவிடாதீர்கள். வெயிலில் உருகி மீண்டும் இறுகினால் கொழுப்பு மேலே வந்து அப்படிப் படியும். தின்னலாம். குளிர்ப்பெட்டியில் வைப்பதானால் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் பிளாச்சான் வாடை ஏறிவிடும் (அனுபவித்துச் சொல்கிறேன்). மலாய் அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதானால் ஹலால் முத்திரையைப் பாருங்கள். சில வெளிநாட்டுச் சாக்லெட்டின் உள்ளே மதுவே ஊற்றியிருப்பார்கள். பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் எழுத்தைப் படியுங்கள். பண்டிகை முடிந்த மறுநாள் பாதி விலைக்குப் போடும்போது வாங்கலாம், காலாவதித் தேதி பார்த்து.

கெடா அம்மாவுக்கு என் பதில் இது: பெட்டி வேண்டாம். மூன்று உருண்டைப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒன்றை அவன் தின்னட்டும், ஒன்றைத் தங்கச்சிக்குக் கொடுக்கட்டும். மூன்றாவதை நீங்கள் தின்ன வேண்டும், அம்மா. "எனக்கு வேண்டாம்" என்று சொல்லாதீர்கள்.

மீந்த பொன் தாள்களை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போனார், நட்சத்திரம் ஒட்டுவதற்கு. கறுப்புச் சாக்லெட்டில் பாதிதான் செலவாகியிருந்தது. நேற்று அரிசி டின்னைத் திறந்தபோது, அது ஈயத் தாளில் மடித்து அடியில் கிடந்தது. இரண்டு கட்டம் குறைந்திருந்தது. அம்மாவிடம் நான் கேட்கவில்லை. சர்க்கரை பார்க்கும் ஊசியை மட்டும் எடுத்து மேசையில் வைத்தேன்.