மூட்டை அரிசியில் ஒரு கல்

"கட்டியை முழுக்க எடுத்துவிட்டோம் என்றுதானே டாக்டர் சொன்னார்? பிறகு எப்படி எலும்பில் வந்தது?"

நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன ஒருவரின் மனைவி என்னிடம் கேட்டது இது. டாக்டர் பொய் சொல்லவில்லை, அம்மா. கண்ணில் பட்டதையெல்லாம் அவர் எடுத்துவிட்டார். கத்தி படுமுன்பே ஓரிரு அணுக்கள் ரத்தத்தோடு கிளம்பி, எலும்பு மஜ்ஜையில் குடியேறியிருக்கக் கூடும். பத்து லட்சம் அணுக்களுக்கு நடுவே ஒன்றோ இரண்டோ! ஒரு மூட்டை அரிசியில் ஒரே ஒரு கல். அந்தக் கல்லும் அரிசி நிறம் என்றால் எப்படிப் பொறுக்குவது?

அதற்கு ஒரு வழி 1975-ல் கேம்பிரிட்ஜில் பிறந்தது. எதிர்ப்பொருளைச் சுரக்கும் எலியின் அணு சீக்கிரம் மடிந்துவிடும். புற்றுநோய் அணுவுக்கோ சாவே இல்லை. கோலரும் மில்ஸ்டைனும் இரண்டுக்கும் கலியாணம் செய்து வைத்தார்கள்! ஒரே ஒரு பொருளை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள், வேண்டிய மட்டும் கிடைத்தது. 1984-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

நுரையீரலின் உள்பூச்சு அணுக்களில் 'சைட்டோகெரட்டின்' என்றொரு புரதம் உண்டு. நம் தலைமயிரிலும் நகத்திலும் இருக்கிறதே கெரட்டின், அதற்கு ஒன்றுவிட்ட உறவு. மஜ்ஜை அணுக்களில் பொதுவாக இது கிடையாது. ஆகவே இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சி, இந்தப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை விட்டுச் சாயம் ஏற்றினால், அந்நியன் மட்டும் நிறம் மாறி அகப்படுவான்.

1996-ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள், வேறெங்கும் பரவியதாகத் தெரியாத 139 நோயாளிகளை இப்படிச் சோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களின் மஜ்ஜையில் அந்த அணுக்கள்! கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள். ஆனால் 2011-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் 821 பேரின் மஜ்ஜையைப் பார்த்தபோது, 100-க்கு 8 பேரிடம்தான் காணப்பட்டன. அவை இருந்ததற்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் தெரியவில்லை. சாயம் சில சமயம் நல்ல அணுவிலும் ஒட்டிக்கொள்ளும். வழிதப்பி வந்த அணுக்கள் எல்லாமே முளைத்துவிடுவதும் இல்லை.

அதனால்தான் ஆபரேஷன் ஆனவர்கள் எல்லோருக்கும் இந்த மஜ்ஜைச் சோதனையை வழக்கமாகச் செய்வதில்லை. ஸ்கேன்தான் காவல். அந்த அம்மாள் இதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. "அப்போ, முதுகு வலிக்கிறது என்று அவர் சொன்னபோது நான் தைலம் தேய்த்தேனே?" என்றார்.

தேய்த்ததில் தப்பில்லை. ஆனால் விடாத எலும்பு வலியை அன்றைக்கே டாக்டரிடமும் சொல்லியிருக்க வேண்டும்.